கைக்கடிகாரம் மருத்துவராகுமா?



எச்.எம்.டி. நிறுவனத்தார் ஜப்பானியச் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961-ஆம் ஆண்டு பெங்களூரில் கைக்கடிகாரத் தொழிற்சாலையைத் தொடங்கிய காலந்தொட்டு, நம் நாட்டு நடுத்தரக் குடும்பங்களில் கைக்கடிகாரம் மரியாதைக்குரியதொரு பொருளாயிற்று. மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டுச் சீர்வரிசையில் அதற்கோர் இடம் உண்டு. ஓய்வு பெறும் ஆசிரியருக்கு உடன் பணியாற்றியவர்கள் அளிக்கும் பரிசும் அதுவே. காலையில் சாவி கொடுத்தால் மறுநாள் காலைவரை ஓடும், மணி காட்டும், அதற்கு மேல் எதற்கும் அது உரிமை கொண்டாடியதில்லை.

இன்று அதே மணிக்கட்டில் ஏறியிருக்கும் 'ஸ்மார்ட் வாட்ச்' என்னும் திறன்கடிகாரமோ, மணி காட்டுவதைத் தன் வேலைகளுள் கடைசியாகவே கருதுகின்றது. நாடித்துடிப்பை எண்ணுகிறேன், உறக்கத்தை அளக்கிறேன், இரத்த அழுத்தம் சொல்கிறேன், சர்க்கரையும் சொல்கிறேன் என்று பெட்டியின்மேல் எழுதிக்கொண்டு வருகின்றது. இதுபற்றி நம்மிடம் வினவுவோருள் இளைஞர்கள் சிலரே. பெரும்பாலோர் வெளிநாட்டிலோ வெளியூரிலோ வேலை பார்த்துக்கொண்டு, ஊரில் தனித்திருக்கும் தாய் தந்தையரை எண்ணிக் கவலைப்படும் பிள்ளைகள். "அப்பாவுக்கு ஒன்று வாங்கி அனுப்பிவிட்டால் நிம்மதியாக இருக்கலாமல்லவா?" என்பதே அவர்கள் கேள்வி. ஆகவே இம்மாதம் முதியோருக்காக இக்கடிகாரத்தை வாங்குவோரை மனத்திற்கொண்டே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். இக்கருவி பெரும்பாலும் தனித்து வாழ்வதன்று. கைபேசியை அண்டி வாழ்வது. ஆதலின் கடிகாரத்தைத் தெரிவு செய்வதற்கு முன், அதைக் கட்டப்போகிறவரிடம் எந்தக் கைபேசி இருக்கின்றது என்று கேட்க வேண்டும். ஆப்பிள் நிறுவனத்தின் கடிகாரத்தை ஐபோன் ஒன்றின் துணையின்றி இயங்கச் செய்யவே இயலாது; ஆண்ட்ராய்டு கைபேசியோடு அது இணையாது. சாம்சங் நிறுவனம் 2021-இல் வெளியிட்ட நான்காம் வரிசைக் கடிகாரமும் அதன் பின்வந்தவையும் ஐபோனோடு இணைவதில்லை. விலை குறைந்த கடிகாரங்கள் இரண்டோடும் இணையும். ஆயினும் அவற்றுக்கென ஒரு செயலியைக் கைபேசியில் ஏற்றியாக வேண்டும். தகப்பனார் கையில் இருப்பது பொத்தான் வைத்த பழைய கைபேசியாயின், பிள்ளை ஆசையோடு அனுப்பிய கடிகாரம் பீரோவிலேயே உறங்கும்.

'கடிகாரத்திலேயே பேசலாம்' என்னும் விளம்பரமும் இத்தகையதே. பெரும்பாலான மலிவான கடிகாரங்களில் இருப்பது ஒரு சிறு ஒலிவாங்கியும் ஒரு சிறு ஒலிபெருக்கியுமே. அழைப்பு கைபேசிக்கு வருகின்றது. புளூடூத் வழியாகக் கடிகாரம் அதை ஒலிக்கின்றது. இத்தொடர்பு வீட்டுக்குள் ஏறத்தாழ பத்து மீட்டர்வரை நிற்கும்; இடையில் சுவர்கள் இருப்பின் அதனினும் குறையும். கைபேசியைக் கூடத்தில் வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் சென்றவருக்குக் கடிகாரம் வெறும் கடிகாரமே. தனக்கென சிம் கொண்ட கடிகாரங்களும் உண்டு. அவற்றின் விலை மிகுதி. தொலைபேசி நிறுவனத்தாரிடம் அதற்குரிய திட்டமும் இருக்க வேண்டும்.

இனி உடல்நலத்தைப் பற்றிய பகுதிக்கு வருவோம். பணம் வீணாவதோடு உயிருக்கும் ஊறு நேரக்கூடிய இடம் இதுவே.

கடிகாரத்தின் அடிப்புறத்தில் பச்சை ஒளி மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். இரத்தம் பச்சை ஒளியை நன்கு உறிஞ்சும் இயல்பினது. இதயம் ஒருமுறை துடிக்கும்போது மணிக்கட்டிலுள்ள நுண்ணிய குழாய்களில் இரத்தம் பெருகுகின்றது; திரும்பி வரும் ஒளி குறைகின்றது. அடுத்த கணம் இரத்தம் வடிய, ஒளி கூடுகின்றது. இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணியே கடிகாரம் நிமிடத்திற்கு இத்தனை துடிப்பு என்று கூறுகின்றது. அமைதியாக அமர்ந்திருக்கும்போது நல்ல கடிகாரங்கள் இதனைப் பெரும்பாலும் சரியாகவே சொல்கின்றன. வார் தளர்ந்திருந்தாலும், கை விரைவாக அசைந்துகொண்டிருந்தாலும், ஒளி விழும் இடத்தில் பச்சை குத்தியிருந்தாலும் கணக்குத் தவறும். நம் பாட்டிமார்களுள் முன்கை முழுதும் பச்சை குத்தியவர்கள் இன்னும் இருக்கின்றனர் என்பதால் இதைக் குறிப்பிடுகிறோம்.

தோலின் நிறமும் ஒரு காரணமே. இரத்தத்திலுள்ள ஆக்சிஜன் அளவைச் சிவப்பு ஒளியாலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியாலும் கணிக்கின்றனர். மருத்துவமனைகளில் விரலில் மாட்டும் கருவியும் இம்முறையில் இயங்குவதே. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், மறைந்திருந்த ஆக்சிஜன் குறைவைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவது வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளரிடத்தில் ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதி என்று கண்டனர். மருத்துவமனைக் கருவிக்கே இக்குறை இருக்குமாயின், மணிக்கட்டில் கட்டும் கருவியின் எண்ணை நாம் எவ்வளவு நம்பலாம் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். மூச்சுத் திணறும் ஒருவரிடம் கடிகாரம் 97 என்று காட்டினாலும், அவர் மூச்சுத் திணறுகிறார் என்பதே உண்மை.

இரத்த அழுத்தத்தின் கதை வேறு. அழுத்தம் என்பது குழாயின் சுவரை இரத்தம் தள்ளும் விசை. அதை அளக்க மருத்துவர் பட்டையைக் கையில் சுற்றி, காற்றடித்து, குழாயை அழுத்தி மூடிப் பின் மெல்லத் திறக்கிறார். ஒளியோ இரத்தம் எவ்வளவு பெருகிற்று என்பதை மட்டுமே காணும். எவ்வளவு விசையோடு தள்ளிற்று என்பதை அது நேரே காண இயலாது. ஆகவே துடிப்பலையின் வடிவத்தைக் கொண்டு ஓர் ஊகம் செய்கின்றது. சாம்சங் நிறுவனத்தார் தம் கடிகாரங்களில் இவ்வசதியை அளித்தபோது, காற்றடிக்கும் பட்டைக் கருவியால் அளந்த எண்ணை 28 நாட்களுக்கு ஒருமுறை கடிகாரத்திற்கு ஊட்டியே தீரவேண்டும் என்று தாமே விதித்தனர். ஆப்பிள் நிறுவனத்தார் 2025 செப்டம்பரில் அளித்த வசதியோ எண்ணையே காட்டுவதில்லை. முப்பது நாட்களின் துடிப்பலைகளை ஆராய்ந்து, 'உயர் இரத்த அழுத்தம் இருக்கலாம், பட்டைக் கருவியால் சோதித்துக் கொள்ளுங்கள்' என்று அறிவிப்பதோடு நிற்கின்றது. வாரினுள் உண்மையாகவே காற்று நிரம்பி அளக்கும் கடிகாரங்களும் உண்டு. ஜப்பானிய ஓம்ரான் நிறுவனம் 2019-இல் அமெரிக்காவில் அத்தகையதொன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. அது வேறு இனம், வேறு விலை.

செல்வமும் ஆராய்ச்சிக் கூடங்களும் மிகுந்த இந்நிறுவனங்களே இவ்வளவு தயங்கும்போது, இரண்டாயிரம் ரூபாய்க் கடிகாரம் தயக்கமேயின்றி 120/78 என்று காட்டுமாயின் அந்த எண் எங்கிருந்து வந்தது? ஐயமிருப்பின் ஓர் எளிய சோதனை செய்யலாம். கடிகாரத்தை உங்கள் கையிலிருந்து கழற்றி, இறுகச் சுருட்டிய துணியின்மீதோ வாழைப்பழத்தின்மீதோ கட்டி, அளக்கச் சொல்லுங்கள். துணிச் சுருளுக்கும் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் கூறும் கடிகாரங்கள் சந்தையில் உள்ளன. நல்ல கருவியும் ஒளியால் ஏமாந்து சில வேளை நாடித்துடிப்பு காட்டுவதுண்டு. ஆனால் வாழைப்பழத்திற்கு இரத்த அழுத்தம் இயல்பாக இருக்கிறது என்று சொல்லும் கருவியைத் தகப்பனாருக்கு அனுப்பலாமா?

இது வேடிக்கை அன்று. உயர் இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உண்பவர் ஒருவர், கடிகாரத்தில் நாள்தோறும் நல்ல எண்ணைக் கண்டு, 'இனி மாத்திரை எதற்கு?' என்று நிறுத்திவிடுவாராயின் பக்கவாதம் அறிவிப்பின்றி வரும். எச்சரிக்க வேண்டிய கருவியே தாலாட்டித் தூங்கவைத்ததாக முடியும். இரத்த அழுத்தமே உங்கள் கவலையாயின், மேற்கையில் பட்டை சுற்றும் மின்கருவி ஒன்றை வாங்கி அனுப்புங்கள். நல்ல திறன்கடிகாரத்தின் விலையில் சிறு பகுதிதான் ஆகும். பட்டையின் அளவு கையின் பருமனுக்குப் பொருந்த வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரையைப் பற்றிச் சுருக்கமாகவும் கண்டிப்பாகவும் கூறிவிடலாம். தோலைத் துளைக்காமல் இரத்தச் சர்க்கரையை அளக்கும் என்று விற்கப்படும் கடிகாரத்தையோ மோதிரத்தையோ வாங்க வேண்டாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தார் 2024 பிப்ரவரி 21-ஆம் நாள் வெளியிட்ட எச்சரிக்கையில், அத்தகைய கருவி எதற்கும் தாங்கள் அனுமதி அளிக்கவில்லை என்றும், தவறான எண்ணை நம்பி இன்சுலின் மிகுதியாக ஏற்றிக்கொண்டால் சில மணி நேரத்தில் உணர்விழப்பும் மரணமும் நேரலாம் என்றும் தெரிவித்தனர். இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். புயத்திலோ வயிற்றிலோ ஒட்டி, மெல்லிய இழை ஒன்றைத் தோலுக்குள் செலுத்தி அளக்கும் சென்சார் கருவிகள் மருத்துவர் பரிந்துரைப்பவை. அவற்றின் எண்ணைச் சில கடிகாரங்கள் வாங்கிக் காட்டும். அப்போது அளப்பது சென்சார். கடிகாரம் வெறும் அறிவிப்புப் பலகை.

இவ்வளவு சொன்னதால் இக்கருவியால் பயனே இல்லை என்று கொள்ளலாகாது. 2018 செப்டம்பரில் ஆப்பிளின் நான்காம் வரிசைக் கடிகாரத்திற்கு இ.சி.ஜி. எடுக்கும் அனுமதி அமெரிக்காவில் கிடைத்தது. கடிகாரம் ஒரு கையில் இருக்க, மறுகை விரலை அதன் பக்கத்துக் குமிழில் வைத்தால், இதயத்தின் மின்னோட்டம் அரை நிமிடத்திற்குப் பதிவாகின்றது. இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் ஒரு கோளாறை இது அடையாளம் காட்டக்கூடும். அக்கோளாறால் இரத்தக் கட்டி உருவாகி மூளைக்குச் சென்று பக்கவாதம் வரலாம் என்பதால் இது சிறிய உதவியன்று. ஒளியைக் கொண்டே இதனை உணர முடியுமா என்று ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் ஆப்பிளின் பொருளுதவியோடு 4,19,297 பேரிடம் நடத்திய ஆய்வு 2019-இல் வெளிவந்தது. அவர்களுள் ஒழுங்கற்ற நாடி என்று அறிவிப்புப் பெற்றோர் நூற்றுக்கு அரைப் பேர் அளவே. அறிவிப்புப் பெற்றுப் பின்னர் மார்பில் ஒட்டுப்பதிவி அணிந்து திருப்பி அனுப்பியவர்களில் 34 விழுக்காட்டினரிடம் அக்கோளாறு பதிவாயிற்று. விட்டுவிட்டு வரும் கோளாறாதலின் மற்றவர்களிடம் இல்லவே இல்லை என்றும் கொள்வதற்கில்லை. எனவே அறிவிப்பு வந்தால் அஞ்சி நடுங்கவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். பதிவை எடுத்துக்கொண்டு இதய மருத்துவரிடம் செல்லுங்கள்.

ஆனால் மாரடைப்பை இக்கடிகாரத்தால் கண்டறிய இயலாது. தயாரித்தவர்களே அவ்வாறு கூறுகின்றனர். மருத்துவமனையில் உடலில் பத்து இடங்களில் இணைப்புக் கொடுத்துப் பன்னிரண்டு கோணங்களில் இதயத்தைப் பார்க்கின்றனர். கடிகாரம் பார்ப்பது ஒரே கோணம். மார்பில் வலியோ அழுத்தமோ, இடக்கைக்குப் பரவும் நோவோ, குளிர்ந்த வியர்வையோ கண்டால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிராமல் 108-ஐ அழையுங்கள்.

மார்பில் 'பேஸ்மேக்கர்' பொருத்தியிருப்பவர்களுக்கு மற்றோர் எச்சரிக்கை. சில கடிகாரங்களிலும் அவற்றின் சார்ஜர்களிலும் வலிய காந்தங்கள் உள்ளன. கைபேசியையும் திறன்கடிகாரத்தையும் உடலினுள் பொருத்திய கருவியிலிருந்து குறைந்தது ஆறு அங்குலம் தள்ளி வைக்குமாறு அதே அமெரிக்க நிர்வாகத்தார் 2021 மே மாதத்தில் அறிவுறுத்தினர். மார்பின்மேல் கையை வைத்து உறங்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டன்றோ? இத்தகையோர் மருத்துவரைக் கேளாமல் கட்ட வேண்டாம்.

தனித்திருக்கும் முதியோருக்கு உண்மையாகவே உதவக்கூடியது, விழுந்தால் அறியும் வசதி. விழும் வேகத்தையும் மோதலையும் உணர்ந்து, பின் ஏறத்தாழ ஒரு நிமிடம் அசைவில்லையெனில் அவசர உதவிக்கும் குறித்து வைத்த உறவினருக்கும் செய்தி அனுப்பும் கடிகாரங்கள் உள்ளன. விலை குறைந்தவற்றில் இது பெரும்பாலும் இராது; இருப்பினும் அழைப்புச் செல்வது கைபேசி வழியாகவே. முதியோர் மிகுதியாக வழுக்கி விழும் இடமோ குளியலறை. அங்கே செல்லும்போதுதான் கடிகாரத்தைக் கழற்றி வைக்கின்றனர்! நீர் புகாத கடிகாரமாக வாங்கி, கழற்றாமல் குளிக்கச் சொல்லலாமே என்பீர்கள். '5 ஏ.டி.எம்.' என்றால் ஐம்பது மீட்டர் ஆழத்து அசையாத நீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்பது பொருள். ஆயினும் வெந்நீர் ஆவியும் சோப்பும் அதன் அடைப்புகளை நாளடைவில் தளரச் செய்யும். அடைப்பு என்றென்றும் நிலைப்பதன்று. எங்களைக் கேட்டால், குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடியும், வழுக்காத தரையும் முதலில், கடிகாரம் பின்னர்.

நடையைப் பற்றியும் ஒரு சொல். நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி நடந்தாக வேண்டும் என்று கடிகாரம் பிடிவாதம் பிடிக்கும். இந்த எண் எந்த மருத்துவ நூலிலிருந்தும் பிறக்கவில்லை. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவியது. சராசரி 72 வயதுடைய 16,741 பெண்களிடம் நடத்தி 2019-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் நன்மை ஏறவில்லை. முழங்கால் வலியுள்ள அம்மாள் இரவு பத்து மணிக்குக் கூடத்தில் சுற்றிச் சுற்றி நடந்து கணக்கை முடிக்க வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்கு வாங்குவோர் வேறொன்றை எண்ண வேண்டும். கடிகாரத்தின் வழியே பிள்ளை இருக்குமிடத்தில் நடப்பதை இரகசியமாக ஒட்டுக்கேட்கும் வசதி கொண்ட சிறுவர் கடிகாரங்களை 2017 நவம்பரில் ஜெர்மானிய அரசு தடை செய்தது. வகுப்பில் ஆசிரியர் பேசுவதைப் பெற்றோர் கேட்டுக்கொண்டிருந்தனர் என்பதும் அதற்கொரு காரணம். நாம் பிள்ளையைக் காக்க வாங்கும் கருவியை அயலார் ஒருவர் திறந்துவிட்டால், பிள்ளை எங்கே செல்கிறது என்பது அவருக்கும் தெரியும். தேர்வுக் கூடங்களில் இக்கடிகாரத்திற்கு இடமில்லை என்பதையும் மாணவர்கள் மறக்கலாகாது. (பிரசங்க வேளையில் கையைத் திருப்பினால் முகம் முழுதும் வெளிச்சம் அடிக்கும் என்பதை இவ்விடத்தில் நாமாகச் சேர்த்துக்கொள்கிறோம். அதை அணைத்து வைக்க எல்லாக் கடிகாரத்திலும் வழியுண்டு.)

கடிகாரம் திரட்டும் செய்திகள் உங்கள் வீட்டோடு நிற்பதில்லை. நிறுவனத்தின் கணிப்பொறிக்குச் செல்கின்றன. ஸ்ட்ராவா என்னும் உடற்பயிற்சிச் செயலியின் நிறுவனம் பயனர்கள் ஓடிய தடங்களையெல்லாம் தொகுத்து 2017 நவம்பரில் ஓர் உலக வரைபடம் வெளியிட்டது. பாலைவனங்களில் மறைவாக இருந்த இராணுவ முகாம்களின் சுற்றுப்பாதைகள் அதில் ஒளிவிட்டு நின்றதை 2018 சனவரியில் உலகம் கண்டு திகைத்தது. முறைகேடாகத் தகவல் கையாள்வோரைக் கட்டுப்படுத்த நம் நாட்டிலும் 2023-இல் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. எனினும் செயலியை ஏற்றும்போது அது கேட்கும் அனுமதிகளுக்கெல்லாம் 'சரி, சரி' என்று விரலால் தட்டிக்கொண்டே போக வேண்டாம். நாடியை எண்ணுவதற்கு உங்கள் தொலைபேசி முகவரிப் புத்தகமும் நிழற்படங்களும் எதற்கு? மறுத்தாலும் கடிகாரம் ஓடும்.

நிறுவனமே மூடப்பட்டால் கடிகாரம் என்னாகும் என்பதையும் எண்ண வேண்டும். பெபிள் என்னும் கடிகாரம் 2012-இல் பொதுமக்கள் முன்பணமாகத் தந்த ஒரு கோடி டாலருக்கு மேற்பட்ட தொகையில் பிறந்தது. 2016 இறுதியில் அந்நிறுவனம் விற்கப்பட்டது. 2018 சூனில் அதன் இணையச் சேவைகள் நின்றன. அன்பர்கள் சிலர் தம் முயற்சியால் மாற்றுச் சேவை அமைத்ததால்தான் அக்கடிகாரங்கள் முழுப் பயனோடு பிழைத்தன. பெயரறியாத நிறுவனத்தின் கடிகாரத்திற்கு அத்தகைய அன்பர்கள் வாய்ப்பது அரிது.

பேட்டரியைப் பொறுத்தவரை, வசதி மிகுந்தால் ஓட்டம் குறையும். 2015-இல் வெளிவந்த முதல் ஆப்பிள் கடிகாரத்திற்கு 18 மணி நேரம் என்பது கணக்கு. பத்தாண்டு கழித்து 2025-இல் வந்த பதினொன்றாம் வரிசைக்கு 24 மணி நேரம். எளிய கடிகாரங்கள் ஒரு வாரமோ அதற்கு மேலோ ஓடும். நாள்தோறும் மின்னேற்ற மறக்கும் முதியவருக்கு எது ஏற்றது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வாங்கும்போது பெட்டியில் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவெண் இருக்கின்றதா என்று பாருங்கள். அவ்வமைப்பின் செயலியில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். உத்தரவாதம் எத்தனை மாதம், பழுது பார்க்கும் நிலையம் உங்கள் மாவட்டத்தில் உண்டா என்று கேளுங்கள். ரசீதைக் கடிகாரப் பெட்டியிலேயே பத்திரப்படுத்துங்கள். குறையை விற்றவர் கேளாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எழுத்துப் பெரிதாகத் தெரிகின்றதா, தமிழில் வரும் செய்திகள் கட்டங்கட்டமாக உடையாமல் வருகின்றனவா என்பதைக் கடையிலேயே கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னும் ஒன்று: ஒவ்வொரு கடிகாரத்தின் சார்ஜரும் ஒவ்வொரு வகை, ஒன்றினது மற்றொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. பிள்ளை துபாயில் வாங்கி அனுப்பும் கடிகாரத்தின் சார்ஜர் இங்கே தொலைந்தால் உள்ளூர்க் கடையில் கிடைப்பது கடினம். ஆதலின் வாங்கும்போதே உபரியாக ஒன்றைச் சேர்த்து வாங்கிப் பார்சலில் வைக்கச் சொல்லுங்கள்.